எளிய உடைப் பெண்களும் எட்டாம் வகுப்பும்

1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் அதிகாலையில் அட்லாண்டிக் கடலில் மூழ்கிய டைட்டானிக் கப்பலைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம்மில் இரார். அதில் பயணம் செய்த கோடீசுவரர்களைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு, திரைப்படமும் உண்டு. ஆனால் நம் நாட்டில், இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்தைச் சேர்ந்த ஜாஞ்ச்கீர் என்னும் ஊரில் 17 சிறுமியரைச் சேர்த்துப் பள்ளி தொடங்கிய ஆசிரியை ஒருவரும் அதே கப்பலில் சென்று உயிர்நீத்தார் என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. அவர் பெயர் ஆனி ஃபங்க். மென்னோனைட் என்னும் சபையைச் சேர்ந்தவர்.

அவரைப் பற்றி மட்டும் எழுதுவதாகத்தான் எண்ணியிருந்தோம். ஆனால் மென்னோனைட் என்றால் யார் என்று படிக்கத் தொடங்கியதும், அந்தச் சபைப் பெண்களின் வாழ்க்கையே எங்களை இழுத்துக்கொண்டது. ஒரே வேரில் முளைத்த இரண்டு கிளைகள்; ஒரு கிளையில் பெண்பிள்ளையின் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. மற்றொரு கிளையிலிருந்து பெண்கள் கடல் கடந்து வந்து நம் நாட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார்கள். இது எப்படி என்பதை முதலிலிருந்தே சொல்லவேண்டும்.

1525-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஒரு சிறு கூட்டம், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சரியன்று, அறிவு தெளிந்தவர் தாமே விரும்பிக் கேட்டுப் பெறவேண்டும் என்று சொல்லிப் பிரிந்தது. வாளெடுப்பதில்லை, சத்தியப் பிரமாணம் செய்வதில்லை என்பவையும் அவர்கள் கொள்கைகள். பின்னர் அவர்களை ஒன்று திரட்டி வழிநடத்தியவர் மென்னோ சைமன்ஸ் என்பவர். அவர் நம் திருச்சபையில் குருவாக இருந்து 1536-இல் விலகியவர். அவர் பெயரால்தான் மென்னோனைட் என்ற பெயர் வந்தது. 1693-இல் யாக்கோப் அம்மான் என்பவர் இன்னும் கடுமையான ஒழுங்கு வேண்டுமென்று பிரிந்தார். அவரைப் பின்பற்றியவர் ஆமிஷ் எனப்பட்டனர்.

அந்நாளில் கத்தோலிக்க அரசுகளும் பிராட்டஸ்டண்டு அரசுகளும் இவர்களைப் பிடித்துக் கொன்றன என்பதை மறைப்பதற்கில்லை. கொல்லப்பட்டவர்களில் பெண்கள் பலர். 1539-இல் ரோட்டர்டாம் நகரில் அன்னெகன் யான்ஸ் என்ற இளம்பெண்ணை நீரில் மூழ்கடித்துக் கொல்லக் கொண்டுசென்றார்கள். அவள் கையில் பால் குடிக்கும் ஆண் குழந்தை. போகும் வழியில், இந்தக் குழந்தையை வளர்ப்பவர் யார் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். ஏற்கெனவே ஆறு பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒரு ரொட்டி சுடுபவர் முன்வந்து வாங்கிக்கொண்டார். இந்தப் பழைய காயம் ஆறவேண்டும் என்பதற்காகவே, 1998 முதல் 2003 வரை வத்திக்கானும் மென்னோனைட் உலக மாநாடும் அமர்ந்து பேசி ஓர் அறிக்கை வெளியிட்டன.

துன்பத்துக்குத் தப்பிய ஆமிஷ் மக்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பகுதிக்குக் கப்பல் ஏறினார்கள். இன்று அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 4 லட்சம் பேர் இருக்கின்றனர். மோட்டார் கார் வைத்துக்கொள்வதில்லை, குதிரை வண்டிதான். வீட்டுக்கு மின்கம்பி இழுப்பதில்லை. வீட்டில் ஜெர்மன் மொழியின் ஒரு கிளைப் பேச்சு, பள்ளியில் ஆங்கிலம்.

அவர்களுடைய பெண்களைத் தெருவில் கண்டால் நம் அருட்சகோதரியரின் நினைவு வரும். ஒரே நிறத்தில் நீண்ட உடை, மேலே ஓர் அங்கவாடை, முன்னால் ஏப்ரன், தலையில் வெள்ளைக் குல்லாய். பல ஊர்களில் உடைக்குப் பொத்தான்கூடக் கிடையாது, குண்டூசிகளால் குத்திக்கொள்கிறார்கள். தலையை மூடுவதற்கு அவர்கள் காட்டும் சான்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11-ஆம் அதிகாரம். நம் பாட்டிமார் பூசைக்கு வந்ததும் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிடுகிறார்களே, அதுவும் இதே வாக்கியங்களிலிருந்து வந்த வழக்கந்தான்.

கலியாணத்துக்கும் நகை கிடையாது. மோதிரம்கூட மாற்றுவதில்லை. பல ஊர்களில் மணப்பெண் நீல நிற உடையைத் தானே தைத்து உடுத்துகிறாள். மேலே வெள்ளை ஏப்ரன். அந்த வெள்ளை ஏப்ரனை மடித்துப் பெட்டியில் வைத்து, அவள் இறந்தபின் அதை அணிவித்தே அடக்கம் செய்கிறார்கள். ஒரு குன்றிமணித் தங்கம் இல்லாமல் பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியும் என்பதை இங்கே படிக்கும் பெற்றோர் பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படிப்பார்களாக!

வேலைக்கு மட்டும் குறைவில்லை. ஒரு வீட்டில் ஆறு ஏழு பிள்ளைகள் சாதாரணம். திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். தெரு முழுதும் கொடிகளில் நீலமும் கறுப்பும் ஊதாவுமாகத் துணிகள் ஆடும். கோடையில் தோட்டத்தில் விளைந்ததை எல்லாம் வேகவைத்து நூற்றுக்கணக்கான கண்ணாடிச் சாடிகளில் அடைத்து, பனிக்காலத்துக்கு வைக்கவேண்டும். மாலையில் பெண்கள் கூடிப் போர்வை தைக்கிறார்கள். துண்டுத் துணிகளைச் சேர்த்து அவர்கள் தைக்கும் அந்தப் போர்வைகளை வாங்க இன்று நகரத்தார் பெரும்பணம் கொடுக்கிறார்கள். போர்வைக் கடை, செடிப் பண்ணை என்று சொந்தமாகத் தொழில் நடத்தி, கணக்குப் பார்த்து, ஆண்களுக்குச் சமமாகச் சம்பாதிக்கும் பெண்களும் அவர்களில் உண்டு.

ஒருவர் வீடு எரிந்தால் ஊரே கூடிக் கட்டுகிறது. முதியோரைத் தனியே விடுவதில்லை; மகன் வீட்டை ஒட்டித் தாத்தா பாட்டிக்கென்று ஒரு சிறு வீடு கட்டித் தருகிறார்கள். இவற்றையெல்லாம் படிக்கையில் எங்களுக்கு அவர்கள்மேல் மதிப்புக் கூடிற்று என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம்.

ஆனால் ஆயரும் போதகரும் ஆண்களே. போதகரைத் தெரிந்தெடுக்கையில் பெயர் சொல்லும் உரிமை பெண்களுக்கும் உண்டு. பதவிதான் இல்லை. ஞானஸ்நானம் பெறுவதா வேண்டாமா என்று இருபது வயதை ஒட்டி ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்கின்றனர். பெற்றபின் விட்டுப்போனால் ஊர் விலக்கிவைக்கும். தாயோடு ஒரே மேசையில் உண்ணவும் முடியாமற் போகலாம். பெறாமல் போனால் அந்தத் தண்டனை இல்லை. சரி, தானே முடிவு செய்யலாம் என்கிறார்கள். ஆனால் எட்டாம் வகுப்போடு நின்ற பெண்ணுக்கு வெளியே போய் என்ன வேலை கிடைக்கும்?

ஆமிஷ் பள்ளி ஒற்றை அறைப் பள்ளி. முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை எல்லாரும் ஒரே கூரையின்கீழ். ஆசிரியை பெரும்பாலும் கலியாணமாகாத இளம்பெண். அவரும் எட்டாம் வகுப்பே படித்தவர். எழுத்து, வாசிப்பு, கணக்கு நன்றாகவே வரும். அதற்குமேல் உயர்நிலைப்பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளைக்கு அகந்தை வரும், உலகத்தின் மேல் ஆசை வரும், வயலிலும் அடுப்படியிலும் கற்கவேண்டியதைக் கற்கமாட்டாள் என்பது பெற்றோர் சொல்லும் காரணம்.

1968-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் நியூ கிளாரஸ் என்ற ஊரில் இது வழக்காக மாறியது. பிள்ளைகள் 16 வயதுவரை பள்ளிக்கு வரவேண்டும் என்பது அங்கே சட்டம். யோனாஸ் யோடர் முதலிய மூன்று தந்தையர், எட்டாவது முடித்த 14, 15 வயதுப் பிள்ளைகளை அனுப்ப மறுத்தனர். ஆளுக்கு 5 டாலர் அபராதம். தொகை சிறிது, ஆனால் வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை ஏறிற்று. நீதிமன்றம் ஏறுவது ஆமிஷ் வழக்கமன்று. அவர்களுக்காகப் பிறர்தாம் குழு அமைத்து வாதாடினர். வழக்கறிஞராக நின்ற வில்லியம் பால் ஒரு கத்தோலிக்கர்! 1972 மே 15-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மதச் சுதந்திரத்தின்படி, எட்டாம் வகுப்புக்குப்பின் அனுப்பும்படி ஆமிஷ் பெற்றோரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது நீதிமன்றம்.

அந்தத் தீர்ப்பில் டக்ளஸ் என்ற நீதிபதி மட்டும் ஒரு பகுதியில் மாறுபட்டார். எல்லாரும் பெற்றோரின் உரிமையைப் பேசுகிறோமே, பிள்ளையைக் கேட்டோமா என்பது அவர் கேள்வி. அந்தப் பிள்ளை பியானோ வாசிப்பவராகவோ விண்வெளி வீரராகவோ கடலாராய்ச்சி செய்பவராகவோ வர விரும்பலாம். அதற்கு வழி அடைபடுமுன் பிள்ளையின் வாயைத் திறந்து கேட்கவேண்டும் என்றார் அவர். வழக்கில் சம்பந்தப்பட்ட மூன்று பிள்ளைகளில் ஃப்ரீடா யோடர் என்ற 15 வயதுப் பெண் ஒருத்திதான் சாட்சிக் கூண்டில் ஏறித் தன் மனத்தைச் சொன்னவள். தன் மத நம்பிக்கையால்தான் பள்ளிக்குப் போகவில்லை என்று அவள் சொன்னாள். டக்ளஸ் அவள் வார்த்தையை ஏற்றார். கேட்கப்படாத மற்றப் பிள்ளைகளுக்காகத்தான் அவர் மாறுபட்டார்.

எங்களுக்கு டக்ளஸ் சொன்னதே நியாயமாகப் படுகிறது. ஃப்ரீடா வேண்டாம் என்று சொன்னாள் என்றால், அது அவள் சொன்ன சொல், அதை மதிக்கலாம். சொல்லும்படி கேட்கப்படாத பெண்ணின் மௌனத்தைச் சம்மதம் என்று எப்படி எழுதிக்கொள்வது?

இதை எங்கோ நடந்த கதை என்று தள்ளிவைக்கவும் முடியவில்லை. நம் நாட்டில் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 வயது முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு முடியத்தான் கல்வியைக் கட்டாய உரிமையாக்கியிருக்கிறது. யோடர் வழக்காடிப் பெற்ற எல்லையும் நம் சட்டம் போட்டிருக்கும் எல்லையும் ஏறக்குறைய ஒன்றுதான். போடியிலிருந்து விடியற்காலையில் மலையேறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு அதற்குமேல் சொல்லவேண்டியதில்லை. ஏலத்தோட்டத்தில் செடியின் தூரில் குனிந்து உட்கார்ந்து காய் எடுப்பவர் பெரும்பாலும் பெண்கள். பருவத்தில் கை தேவைப்படும்போது, எட்டாவது முடித்த பெண்ணின் கையும் வீட்டாரின் கண்ணில் படும். குரங்கணியிலும் கொட்டகுடியிலும் முதுவாக்குடியிலும், “போதும், இனி வீட்டிலிரு” என்று சொல்ல யாரும் வேதவாக்கியம் தேடுவதில்லை. பஸ் நேரத்துக்கு வருவதில்லை, வழியில் காடு, பெரியவளாகிவிட்டாள், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை: இவையே போதுமான காரணங்கள். அமெரிக்காவிலாவது ஒருத்தியைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள்.

படிப்புக் குறைவதால் என்ன நேரும் என்பதற்குத் தென் அமெரிக்காவின் பொலிவியா நாட்டில் ஒரு கசப்பான சான்று உண்டு. அங்கே பழைய ஒழுங்கை விடாத மென்னோனைட் குடியிருப்புகள் இருக்கின்றன. பெண்பிள்ளைகள் பையன்களுக்கும் முன்னதாகவே, 12 வயதை ஒட்டிப் பள்ளியை விட்டுவிடுகின்றனர். ஆண்கள் வியாபாரத்துக்குப் போவதால் நாட்டு மொழியான ஸ்பானிஷ் ஓரளவு பேசுவர். பெண்களுக்குத் தங்கள் வீட்டு மொழி தவிர வேறு தெரியாது. 2009-இல் அந்தக் குடியிருப்பு ஒன்றில், பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் பெருங்கொடுமைக்கு ஆளாகிவந்தது வெளிப்பட்டது. 2011-இல் குற்றவாளிகளுக்குத் தண்டனையும் கிடைத்தது. ஆனால் தங்களுக்கு நேர்ந்ததை நீதிபதிக்குச் சொல்லவும் அந்தப் பெண்கள் வேறொருவர் நாவை நம்பவேண்டியிருந்தது.

இனி மற்றக் கிளைக்கு வருவோம். மென்னோனைட் சபையார் எல்லாரும் ஒதுங்கி வாழ்பவரல்லர். பலர் ஊரோடு ஒத்த உடை உடுத்தி, பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடத்துபவர். அவர்களில் சிலர் 1889-இல் தெலுங்கு நாட்டின் நல்கொண்டாவுக்கு வந்தனர். 1899-இல் மத்திய இந்தியாவில் கொடும்பஞ்சம் தலைவிரித்தாடிய சமயத்தில் வேறு சிலர் தம்தரி என்ற ஊருக்கு வந்து, தாய் தந்தையை இழந்த பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் சேர்த்து வளர்த்தனர். இன்று இந்தியாவில் இந்த மரபினர் 2 லட்சத்துக்கும் மேல். நம் நாட்டு மென்னோனைட் பெண்களின் தலையில் குல்லாய் இல்லை. சேலைதான், முந்தானைதான்.

ஆனி ஃபங்க் 1874 ஏப்ரல் 12-இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். தந்தை அவர்கள் ஊர்ச் சபையில் உதவியாளர். ஆனி எட்டாவதோடு நிற்கவில்லை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் படித்தார். கலியாணம் செய்துகொள்ளாமல் தனியே புறப்பட்டு 1906 இறுதியில் இந்தியா வந்துசேர்ந்தார். தனித்த பெண்ணொருத்தியைக் கடல் கடந்து அனுப்புவது அன்றைக்கு அவர்கள் சபைக்கே புதிது. ஜாஞ்ச்கீரில் ஹிந்தி கற்றுக்கொண்டு, 1908-இல் 17 சிறுமியரோடு பள்ளி தொடங்கினார். அதுவும் ஒற்றை அறைதான். பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று ஊர் கேட்ட காலத்தில், அந்த ஓர் அறையை அவர் திறந்துவைத்தார்.

1912-இல் தாயின் உடல்நிலை மோசம், உடனே வரவும் என்று தந்தி வந்தது. பம்பாயில் கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்தார். அங்கிருந்து அவர் போகவேண்டிய கப்பலின் பெயர் ஹேவர்ஃபோர்ட். நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் அது புறப்படத் தாமதமாயிற்று. தாயை விரைவில் காணவேண்டுமே என்று கூடுதலாகப் பணம் கட்டி டைட்டானிக்கில் இரண்டாம் வகுப்புச் சீட்டு மாற்றிக்கொண்டார். கப்பலிலேயே அவருடைய 38-ஆவது பிறந்தநாள் வந்தது. அதற்கடுத்த மூன்றாம் நாள் விடிவதற்குள் எல்லாம் முடிந்தது. இரண்டாம் வகுப்பில் சென்ற பெண்களில் மிகப் பெரும்பாலோர் படகேறித் தப்பினர், அவர் தப்பவில்லை. தமக்குக் கிடைத்த இடத்தைப் பிள்ளையோடு நின்ற ஒரு தாய்க்கு விட்டுக்கொடுத்தார் என்று அவர் சபையார் சொல்லிவருகின்றனர். உடல் கிடைக்கவில்லை. ஜாஞ்ச்கீர்ப் பள்ளிக்குப் பின்னர் அவர் பெயரையே சூட்டினார்கள்.

அவருக்கு ஓராண்டு பின்னால், 1907-இல், ஹைதராபாத் நிஜாமின் நாட்டுக்கு வந்தவர் டாக்டர் கத்தரீனா ஷெல்லன்பெர்க். ரஷ்யப் பேரரசில் மென்னோனைட் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். மூப்பர் பதவி பெண்களுக்கு எட்டாதிருந்த சபையிலிருந்துதான் அவர் வந்தார். ஆனால் மருத்துவம் படிக்க அந்தச் சபை தடை சொல்லவில்லை. ஆண் மருத்துவரிடம் காட்ட நாணி வீட்டுக்குள்ளேயே நோயில் கிடந்த பெண்கள் அவரைத் தேடி வந்தனர். 1928-இல் ஷம்ஷாபாத்தில் மருத்துவமனை எழுந்தது. 1945-இல் அங்கேயே இறந்தார். இன்று ஹைதராபாத் விமானத்தில் இறங்குவோர் காலடி வைக்கும் அதே ஷம்ஷாபாத்துதான்.

தம்தரியில் 1910-இல் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவமனை இன்றும் நடக்கிறது. அதையொட்டிச் செவிலியர் பயிற்சிப் பள்ளியும் உண்டு. பஞ்ச காலத்தில் மென்னோனைட் சபையார் அநாதைப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த அதே ஊரில், இன்று பெண்கள் வெள்ளுடை தரித்துச் செவிலியப் படிப்புப் படிக்கிறார்கள். நாட்டின் எல்லாச் செவிலியர் பள்ளிகளுக்கும் உள்ள விதிதான் அங்கேயும்: சேருவதற்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்கவேண்டும்.